நானோவிஎன்ஏ-ஹெச்: கழித்தல் குறியைக் காட்டும் கருவி

7 மெகாஹெர்ட்ஸ் அமெச்சூர் வானொலிப் பட்டைக்கு வேண்டிய 20 மீட்டர் கம்பியை நீட்டிக் கட்ட, டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் உள்ள எங்கள் வீட்டில் இடமில்லை. அதனால் கூரையோரம் குறுகிய ஆன்டெனா ஒன்றை ஏற்றி, அதை 50 ஓம் வானொலிப் பெட்டியுடன் பொருத்துவதற்காகவே நானோவிஎன்ஏ-ஹெச் என்ற இந்தக் கையடக்க ஆன்டெனா அளவியை வாங்கினேன்.

என்னிடமிருந்த நிலை அலை மானி (எஸ்டபிள்யூஆர் மீட்டர்) 2.9 என்ற ஒற்றை எண்ணுடன் நின்றுவிடும்; முழுப் பொருத்தம் என்றால் அது 1 காட்டும். பொருந்தாமைக்குக் காரணம் தூண்டலா தேக்கமா என்பதை அது சொல்லாது. அதே ஆன்டெனாவின் இம்பீடன்ஸை, அதாவது மாறுமின்னோட்டத்துக்கு அது தரும் மொத்த எதிர்ப்பை, நானோவிஎன்ஏ 25 − j30 ஓம் என்று காட்டியது. இதில் 25 மின்தடை; j-யுடன் வரும் 30 மறுப்பு, அதாவது சுருளோ மின்தேக்கியோ மாறுமின்னோட்டத்தை எதிர்க்கும் அளவு; கழித்தல் குறி தேக்கத்தைக் குறிக்கும். அந்தக் கழித்தல் குறி கிடைத்ததும் கணக்கு எளிதாயிற்று. 25 ஓமை 50 ஓமாக உயர்த்தும் எல் வடிவச் சுற்றுக்குத் தொடரில் 25 ஓம் தூண்டல் மறுப்பும், வானொலிப் பக்கத்தில் இணையாக 50 ஓம் தேக்க மறுப்பும் வேண்டும். ஆன்டெனாவின் −30-ஐயும் ஈடுகட்ட வேண்டியிருப்பதால் தொடர்ச்சுருள் 55 ஓம் ஆகிறது. 7.1 மெகாஹெர்ட்ஸில் அது சுமார் 1.23 மைக்ரோஹென்றி, மின்தேக்கி சுமார் 448 பிக்கோஃபாரட். சுருளின் சுற்றுகளை நெருக்கியும் விலக்கியும், இம்பீடன்ஸை வட்டத்துக்குள் காட்டும் ஸ்மித் வரைபடத்தின் புள்ளி, 50 ஓமைக் குறிக்கும் நடுவுக்கு வந்து சேர்வதைக் கண்ணால் பார்த்தது பெரும் மகிழ்ச்சி.

ஆனால் அளவுதிருத்தத்தில் அவசரம் கூடாது. திறப்பு (எதுவும் இணைக்காத முனை), குறுக்கிணைப்பு, 50 ஓம் சுமை ஆகிய மூன்று அளவுதிருத்த முனைகளையும் கேபிளின் ஆன்டெனா முனையில் வைத்தே திருத்த வேண்டும். கருவியின் வாயிலிலேயே திருத்தினால், கேபிள் உருமாற்றிய இம்பீடன்ஸைத்தான் ஆன்டெனாவினுடையது என்று நம்பிவிடுவோம். கேபிளைக் கையால் தொட்டதும் எண்கள் மாறினால், அதன் வெளியுறையிலும் மின்னோட்டம் ஓடுகிறது என்று பொருள். அந்த மின்னோட்டத்தைத் தடுக்க ஃபெரைட் என்ற காந்தப் பொருளாலான வளையத்தில் கேபிளைச் சுற்றிய பின்பே என் அளவுகள் நிலைத்தன.

குறைகளும் உண்டு. 2.8 அங்குலத் திரை வெயிலில் சரியாகத் தெரிவதில்லை. 101 புள்ளிகளில் 1 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை அலசினால் புள்ளிகளுக்கு இடையேயான இடைவெளி 290 கிலோஹெர்ட்ஸ், நமக்குரிய 7.0–7.2 பட்டையில் ஒரே ஒரு புள்ளிதான் விழும். ஆகவே வேண்டிய பட்டையை மட்டும் குறுக்கி அலசுவதே சரி. 300 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் சீரிசை அலைகளைக் (அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகளைக்) கொண்டு அளப்பதால் துல்லியம் குறைகிறது. கேபிளை மாட்டும் எஸ்எம்ஏ என்ற சிறு திருகு இணைப்பிகள் அடிக்கடி கழற்றி மாட்டினால் தேய்ந்துவிடும். கருவியின் வாயில்களில் சிறு இடையிணைப்பியை நிரந்தரமாக மாட்டி, தேய்மானத்தை அதற்கே விட்டுவிடுகிறேன்.