ஆலயத்தில் இரண்டு கீபோர்டு: ஏழு ஆண்டு அனுபவம்

பாமாலையின் கடைசிச் சரணம் முடிந்து, சபையார் நின்றபடியே ஜெபத்துக்குத் தலைகுனியும் நேரம். அதுவரை ஆர்கன் ஒலியில் வாசித்துக்கொண்டிருந்த நான், ஜெபத்துக்குப் பின்னால் மெல்லிய ஸ்ட்ரிங்ஸ் (வயலின் கூட்டத்தின் ஒலி) வேண்டும் என்று பொத்தானை அழுத்துவேன். அழுத்திய கணமே, பிடித்திருந்த ஒலி அறுந்துவிடும். அரை நொடிதான். ஆனால் முந்நூறு பேர் அமைதியாக நிற்கும் ஆலயத்தில் அந்த அரை நொடி எல்லார் காதிலும் விழும். ஒரே கீபோர்டில் பதினோரு ஆண்டுகள் வாசித்த எனக்கு இரண்டாவது கீபோர்டு வேண்டும் என்று தோன்றியதற்கு இந்த ஒன்றுதான் காரணம்.

2018 ஈஸ்டர் ஞாயிறு முதல் இரண்டு கீபோர்டுகளில் வாசித்துவருகிறேன். எங்களுடையது தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துக்கு அருகே உள்ள ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கிராமச் சபை. ஞாயிறு ஆராதனை, திருவிருந்து, திருமணங்கள், சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகை, கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனை, டிசம்பர் 31 இரவு ஆராதனை என்று ஆண்டு முழுவதும் வேலை இருக்கிறது. கீழடுக்கில் ரோலண்ட் எஃப்பி-30 டிஜிட்டல் பியானோ. 88 விசைகள், நிஜப் பியானோவைப் போல் கனமான தொடுகை, 14 கிலோ எடை. ஏழு ஆண்டுகளில் அதைப் பழுதுபார்க்கக் கொண்டுபோனதே இல்லை. ஒலியை வெளியே எடுக்க அதில் தனித் துளை (லைன் அவுட்) கிடையாது. ஹெட்போன் துளையிலிருந்துதான் ஒலிகளைக் கலக்கும் மிக்சருக்கு ஒலியை எடுக்கிறேன். அப்படிச் செய்தால் அதன் சொந்த ஸ்பீக்கர் நின்றுவிடும் என்பதால், வாசிப்பவருக்குத் தனியாக ஒரு மானிட்டர் ஸ்பீக்கர் தேவைப்படும். மேலடுக்கில் 61 விசை சிந்தசைசர். அந்த இடத்தில் இதுவரை மூன்று கீபோர்டுகள் வந்துபோய்விட்டன. எதுவாக இருந்தாலும் செய்யும் வேலை ஒன்றுதான் என்பதால் பெயர்களைச் சொல்லவில்லை.

ஒருவரே இரண்டு வரிசை விசைகளை வாசிப்பது ஆலயத்துக்குப் புதிதல்ல. குழாய் ஆர்கனில் பல நூற்றாண்டுகளாகவே ஒன்றின் மேல் ஒன்றாக விசைப்பலகைகள் இருந்திருக்கின்றன. 1935-இல் வந்த ஹேமண்ட் மின் ஆர்கன், குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத ஆலயங்களை நம்பியே பெருமளவில் விற்கப்பட்டது. அதிலும் இரண்டு அடுக்கு உண்டு. ஆனால் ஆர்கனில் விசையை அழுத்தியிருக்கும்வரை ஒலி குறையாமல் நிற்கும். பியானோ ஒலி அடித்த கணத்திலிருந்தே தேய ஆரம்பித்துவிடும். நம் சபைகளில் கீழே பியானோவையும் மேலே ஸ்ட்ரிங்ஸையும் வைப்பதற்கு இந்த வேறுபாடே அடிப்படை. தேயும் ஒலி தாளத்தைச் சொல்லும். நிற்கும் ஒலி சுருதியைச் சொல்லும். வயதானவர்கள் நிறைந்த எங்கள் சபையில் இரண்டாவதுதான் அதிகம் தேவை. நிற்கும் ஒலி இல்லாமல் நான்கு சரணம் பாடினால், கடைசிச் சரணத்தில் எல்லாரும் கால் சுரமாவது இறங்கியிருப்பார்கள்.

முதல் ஆறு மாதம் நான் செய்த தவறு, இரண்டு கீபோர்டுகளையும் எல்லாவற்றுக்கும் பயன்படுத்தியது. ஒரு பாட்டுக்கு மேலே ஆர்கன், அடுத்த பாட்டுக்குக் கீழே ஆர்கன், அதற்கடுத்ததற்கு மேலே பியானோ. எந்தக் கை எங்கே போக வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டியிருந்தது. யோசித்துக்கொண்டே வாசிப்பவரின் தாளம் உறுதியாக இருக்காது. பிறகு வேலையைப் பிரித்துவிட்டேன். கீழே எப்போதும் பியானோ மட்டும். மேலே ஆர்கன், ஸ்ட்ரிங்ஸ், புல்லாங்குழல் ஆகிய மூன்று மட்டும், அதே வரிசையில், அடுத்தடுத்த பொத்தான்களில். நூற்றுக்கணக்கான ஒலிகள் உள்ள கருவியில் மூன்றைத் தவிர மற்றவற்றைத் தொடுவதில்லை. மேலே ஒலியை மாற்றும்போது இடக்கை கீழே பியானோ கார்டை (சேர்ந்தொலிக்கும் சில சுரங்களை) பிடித்திருக்கும், கால் ஒலியை நீட்டும் பெடலை அழுத்தியிருக்கும். எனவே ஒலி அறுவதில்லை.

நம் ராகங்களில் அமைந்த கிறிஸ்தவக் கீர்த்தனைக்கு வரும்போது இந்த ஏற்பாட்டின் அருமை நன்றாகத் தெரிகிறது. முதல் வரியைச் சபையார் பாடுகிறார்கள். நான் இரு கைகளையும் கீழே வைத்துப் பியானோ வாசிக்கிறேன். வரி முடிந்து இடையிசை வரும் இடத்தில் வலக்கை மேலே புல்லாங்குழலுக்குப் போகிறது. இடக்கை கீழே ஷட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் ஒருமுறை அடித்துவிட்டு, பெடலில் அவற்றை நிற்கவைத்து, தானும் மேலே ஏறி பிட்ச் பெண்ட் லீவரைப் பிடிக்கிறது. சுரத்தை வழுக்கிப் பிடிக்க அந்த லீவர் வேண்டும். விசையை மட்டும் தட்டினால் கீர்த்தனை ஸ்வரப் பயிற்சி போல் கேட்கும். லீவரின் வீச்சை இரண்டு அரைச்சுரங்களுக்கு வைத்திருக்கிறேன். பியானோ நான்கைந்து நொடிகளில் தேய்ந்துவிடும். அதற்குள் இடக்கை கீழே இறங்கி மறுபடியும் ச-ப அடித்துவிட்டுத் திரும்ப வேண்டும். ஆதி தாளத்தில் ஒரு ஆவர்த்தனத்துக்கு ஒருமுறை என்று கணக்கு. இந்த ஏறி இறங்குதல் தானாக வருவதற்கு எனக்கு ஒரு முழு ஆண்டு பிடித்தது. தினமும் வீட்டில் மெட்ரோனோம் வைத்து இதை மட்டும் கால் மணி நேரம் பழகினேன்.

ச-ப மட்டும் பிடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. சங்கராபரண ராகத்தில் அமைந்த கீர்த்தனைக்கு மேஜர் கார்டுகள் இயல்பாகப் பொருந்தும். மாயாமாளவகௌளையில் அப்படி வைத்துவிட முடியாது. ஒரு கட்டைச் சுருதியில் (‘சி’ விசையே ஷட்ஜமம்) பாடும்போது பழக்கதோஷத்தில் ஜி மேஜர் வைத்தால், அந்தக் கார்டில் உள்ள டி, பாட்டின் சுத்த ரிஷபத்தோடு அரைச்சுர இடைவெளியில் முட்டும். தோடி இன்னும் கடினம். அதில் மேற்கத்தியக் கார்டுகளை அடுக்கினால் ராகத்தின் முகமே மாறிவிடுகிறது. அந்தப் பாட்டுகளை நம் முன்னோர் கார்டுகளை மனத்தில் வைத்துக் கட்டவில்லை. இரண்டு கீபோர்டுகள் இருப்பதால் ஒலிகளை அடுக்கத்தான் வேண்டும் என்பதில்லை. இந்த ராகங்களில் மேலடுக்கில் மெலடி, கீழே சுருதி, அவ்வளவே போதும். தானாகத் தாளம் போடும் ஸ்டைல்களும் எனக்கு உதவவில்லை. சாபு தாளத்தின் ஏழு எண்ணிக்கையை நாலு எண்ணிக்கை ஸ்டைலுக்குள் திணித்தால், பாட்டியம்மாக்கள் பாடுவது ஒன்றாகவும் கருவி போடுவது வேறொன்றாகவும் போய்விடும். தாளத்துக்குத் தபேலாவோ டோலக்கோ வாசிக்க ஒரு ஆள் இருப்பதே நல்லது.

இரண்டு கீபோர்டு வைத்திருப்பவர்கள் அவசியம் அஞ்ச வேண்டியது, எல்லா விசைகளின் சுருதியையும் ஒருசேர ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பொத்தானுக்கு. 2019-இல் ஒரு பெரிய வெள்ளி. மூன்று மணி நேரம் நடக்கும் மும்மணி ஆராதனையில் ஐயர் (எங்கள் சபைப் போதகர்) தாமாகவே ஒரு பாட்டை எடுத்துவிட்டார். சுருதி இரண்டரைக் கட்டை. எனக்கு அந்தப் பாட்டு இரண்டு கட்டையில்தான் கைக்குப் பழக்கம். கீழே பியானோவில் டிரான்ஸ்போஸை ஒன்று கூட்டினேன், சரியாகச் சேர்ந்துகொண்டது. இரண்டாம் சரணத்துக்கு முன் மேலே ஸ்ட்ரிங்ஸில் கை வைத்தேன். அங்கே கூட்ட மறந்திருந்தேன். ஆலயம் முழுவதும் ஒரு சுருதியில் பாட, அதற்கு அரைச்சுரம் கீழே ஸ்ட்ரிங்ஸ் முழங்கியது. உடனே கையை எடுத்துவிட்டேன். ஆனால் ஸ்ட்ரிங்ஸ் ஒலி விசையை விட்ட பிறகும் சற்று நேரம் தங்கி ஓயும் வகை. சபை ஒரு வரி முழுக்கத் தடுமாறியது. துக்க நாளில், மக்கள் மனம் கசிந்து பாடும் வேளையில் நேர்ந்த அந்தப் பிழை இன்றும் எனக்கு வலிக்கிறது.

அதன்பின் டிரான்ஸ்போஸைத் தொடுவதை அடியோடு விட்டுவிட்டேன். எல்லாப் பாட்டுகளையும் எல்லாக் கட்டைகளிலும் வாசிக்கப் பழகினேன். அரைக் கட்டை, ஒரு கட்டை வித்தியாசத்தில் பாட்டை எடுக்கும் ஐயர்மாரும் அம்மாமாரும் இருக்கும் சபையில் இதைவிட உறுதியான வழி இல்லை. கிராமத்தில் மின்தடை அடிக்கடி வரும் என்பதும் இதற்கு இன்னொரு காரணம். மின்சாரம் போய்த் திரும்பினால் பெரும்பாலான கீபோர்டுகளில் டிரான்ஸ்போஸ் பூஜ்யத்துக்குப் போய்விடும். ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்து, விளக்கு எரிந்து, நாமும் வாசிக்கத் தொடங்கினால், சுருதி வேறாக இருக்கும். இப்போது இரண்டு கீபோர்டுகளுக்கும் சேர்த்துக் கணினிக்குப் போடும் சிறிய யுபிஎஸ் ஒன்று வைத்திருக்கிறேன். இரண்டின் அடாப்டர்களும் எடுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. ஜெனரேட்டர் வரும்வரை தாராளமாகத் தாங்குகிறது. இரண்டாவது கீபோர்டு வாங்குவதற்கு முன்பே இதை வாங்கியிருக்க வேண்டும்.

பெடல் பற்றியும் சொல்ல வேண்டும். பல கீபோர்டுகள் இயங்கத் தொடங்கும் நேரத்தில் பெடல் எந்த நிலையில் இருக்கிறதோ அதையே 'அழுத்தாத நிலை' என்று எடுத்துக்கொள்ளும். கிறிஸ்துமஸ் அதிகாலை நான்கு மணி ஆராதனைக்கு, தூக்கம் முழுதும் கலையாத நிலையில், பெடல் மேல் கால் வைத்தபடி சுவிட்சைப் போட்டேன். அழுத்தினால் ஒலி நின்றது, விட்டால் நீண்டது. என்ன கோளாறு என்று புரிவதற்குள் முதல் பாட்டு முடிந்துவிட்டது. அணைத்து, காலை எடுத்து, மறுபடி போட்டதும் சரியானது. அன்றிலிருந்து பெடலைக் கீழ்க் கீபோர்டில் மட்டும் பொருத்துகிறேன். மேலே பெடலே கிடையாது; ஸ்ட்ரிங்ஸுக்கு அது தேவையும் இல்லை. காலடியில் இரண்டு பெடல்களைத் தேடும் தொல்லையும் ஒழிந்தது.

2020-இல் ஆலயங்கள் மூடியிருந்த மாதங்களில் ஆராதனையைப் பதிவுசெய்து அனுப்பினோம். என் வாசிப்பை வெளியாள் போல் நான் கேட்டது அப்போதுதான். வெட்கமாக இருந்தது. பியானோவின் இடக்கை, ஸ்ட்ரிங்ஸின் கீழ்ச் சுரங்கள், பேஸ் கிட்டார் மூன்றும் ஒரே இடத்தில் குவிந்து கலங்கிய தண்ணீராக ஒலித்தன. பாடகர் குழுவின் ஆண் குரல்கள் அதில் மூழ்கிப்போயிருந்தன. ஆலயத்தின் உயர்ந்த கூரையும் எதிரொலியும் அதுவரை இதை என்னிடமிருந்து மறைத்திருக்கின்றன. அதன்பிறகு மேல் கீபோர்டில் நடு ‘சி’க்குக் கீழே எதையும் வாசிப்பதில்லை. பேஸ் கிட்டார் இருக்கும் நாளில் பியானோவிலும் இடக்கையின் சுண்டுவிரலை அடக்கிவைக்கிறேன். மேல் கீபோர்டின் ஒலி அளவு, கீழே உள்ளதில் பாதிதான். சபையார் பாடும்போது ஸ்ட்ரிங்ஸ் இருப்பது தெரியக் கூடாது. நிறுத்தினால் மட்டும் எதையோ இழந்ததுபோல் இருக்க வேண்டும்.

ஸ்டாண்டில் சிக்கனம் பிடிக்காதீர்கள். எக்ஸ் வடிவ ஸ்டாண்டின் மேல் இன்னொரு அடுக்கை மாட்டி இரண்டு ஆண்டுகள் வாசித்தேன். அழுத்தி வாசித்தால் மேலடுக்கு ஆடும், முழங்காலும் இடிக்கும். இப்போது மேசை போன்ற நான்கு கால் ஸ்டாண்டு, அதில் சாய்க்கக்கூடிய மேல் கை. மேல் கீபோர்டை என்னை நோக்கிச் சற்றுச் சாய்த்திருக்கிறேன். இல்லையென்றால் தோளைத் தூக்கி வாசிக்க வேண்டிவரும், இரண்டு மணி நேர ஆராதனை முடியும்போது கழுத்து பிடித்துக்கொள்ளும். உயரத்தை முடிவு செய்யும் முன் உட்கார்ந்து பாருங்கள்: பாடகர் குழுத் தலைவரின் கையும் ஐயரின் முகமும் மேல் கீபோர்டைத் தாண்டி உங்களுக்குத் தெரிய வேண்டும்.

இரைச்சல் வந்தால் முதலில் இரண்டு கீபோர்டுகளையும் மிக்சரையும் ஒரே மின் இணைப்பிலிருந்து எடுத்துப் பாருங்கள். அதிலும் நிற்கவில்லையென்றால் கீபோர்டுக்கும் மிக்சருக்கும் நடுவே, எர்த் துண்டிக்கும் வசதியுள்ள டிஐ பாக்ஸ் என்ற சிறு இணைப்புப் பெட்டியைப் போடுங்கள். எனக்கு முதலாவதிலேயே தீர்ந்தது. மடிக்கணினியை நடுவில் வைத்து மிடி (கருவிகள் ஒன்றையொன்று இயக்க உதவும் இணைப்பு) வழியாக இரண்டையும் இணைத்து, மேலிருந்து கீழ்க் கருவியையும் ஒலிக்கவைக்கும் முயற்சியும் செய்தேன். வீட்டில் அழகாக வேலை செய்தது. ஆராதனைக்கு நடுவே கணினி உறங்கிப்போன ஒரு ஞாயிறுக்குப் பிறகு அதைக் கைவிட்டேன்.

உங்கள் சபையில் ஏற்கெனவே கிட்டார், பேஸ், டிரம்ஸ், இன்னொரு கீபோர்டு கலைஞர் எல்லாம் இருந்தால் ஒருவருக்கே இரண்டு கீபோர்டு தேவையில்லை என்பது என் கருத்து. இருக்கும் இடத்தை மேலும் நெருக்கவே அது உதவும். எங்களைப்போல் ஒரே ஒருவர் சபையின் பாட்டு முழுவதையும் தாங்க வேண்டிய இடத்தில் அது பெரிய துணை.

இப்போது மேல் கீபோர்டின் நடு ஆக்டேவில் இரண்டு விசைகளின் உள் ரப்பர் தேய்ந்துவிட்டது. மெல்லத் தொட்டாலும் உரக்க ஒலிக்கின்றன. கிறிஸ்துமஸ் கூட்டம் தொடங்கும் முன் திருநெல்வேலியில் கொடுத்து மாற்ற வேண்டும், இரண்டு வாரமாவது ஆகும். அந்த இரண்டு ஞாயிறும் கீழே உள்ள பியானோ மட்டும்தான். ஐயரிடம் சொல்லிவிட்டேன், ஜெபத்துக்கு முன் ஒலி மாற்ற வேண்டியிராத பாமாலைகளாக அவரும் நானும் உட்கார்ந்து தேர்ந்துவைத்திருக்கிறோம்.