அம்பரைப் பார்த்து வாங்குங்கள்: கொழும்பு வெயிலுக்கு சொவாஜா, ப்ளூவா, பிராடாவா?

தேசிக்காய், தோடம்பழ வாசனையில் தொடங்கி அம்பர் என்ற அடிவாசனையில் போய் முடிகிற ஆண்களுக்கான சென்ட் வாங்கப் போகிறவர்களில் அநேகர் கடையில் அடித்த முதல் ஐந்து நிமிட வாசனையை வைத்தே முடிவெடுக்கிறார்கள். கொழும்பில் அது சரிவராது. சிட்ரஸ் எண்ணெயில் பெரும்பங்கு லிமோனீன் போன்ற லேசான சேர்மங்கள்தான், தோலின் சூட்டுக்கே பறந்துவிடும். நம்முடைய வெயிலில், அதுவும் வியர்த்து ஊற்றுகிற ஏப்ரல் மாதத்தில், வெள்ளவத்தையில் பஸ் ஏறி கோட்டையில் இறங்குவதற்குள் அந்தப் புளிப்பில் பாதி போயிருக்கும். அதற்குப் பிறகு மாலைவரை உங்களோடு இருக்கப்போவது அம்பர். அதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

அந்த அம்பரும் ஒரே மாதிரி இல்லை. லாப்டானம் பிசின், சாம்பிராணி, வனிலா எல்லாம் சேர்த்துக் கட்டுகிற இனிப்பான, கதகதப்பான அம்பர் ஒன்று. வெள்ளிக்கிழமை மாலை சாம்பிராணி போடுகிற வீட்டில் வளர்ந்த யாருக்கும் அது அந்நியமாக இருக்காது. மற்றது ஆம்ப்ராக்ஸன். திமிங்கிலத்திலிருந்து கிடைக்கிற அம்பர்கிரிஸின் வாசனையைத் தருவது, ஆனால் இன்று கிளாரி சேஜ் என்ற செடியிலிருந்து எடுக்கும் ஸ்க்ளாரியோலைக் கொண்டும் செய்கிறார்கள். இதில் இனிப்பு குறைவு. உலர்ந்து, கூர்மையாக இருக்கும்.

2015இல் பிரான்சுவா டெமாஷி செய்த டியோர் சொவாஜ் இந்த இரண்டாவது வகைக்காரன். இத்தாலியின் கலாப்ரியாவில் விளையும் பேர்கமோட் என்ற தேசிக்காய் இனப் பழம், மிளகு, அடியில் நிறைய ஆம்ப்ராக்ஸன். தான் வந்திருப்பதை எல்லோருக்கும் சொல்லிவிடுகிற சுபாவம். திறந்த வெளியில், காலிமுகத்திடல் காற்றில் அது அருமையாக இருக்கிறது, ஆனால் அலுவலக நேரத்து 100ஆம் இலக்க பஸ்ஸில் தோளோடு தோள் இடிபட்டு நிற்கும்போது பக்கத்தில் நிற்பவருக்கு அது பாரம். அடிப்பதென்றால் இரண்டு தரம் போதும், தயவுசெய்து.

ப்ளூ டி ஷனெல் 2010இல் வந்தது, செய்தவர் ஜாக் போல்ஜ். கிரேப்ஃப்ரூட், எலுமிச்சை, கொஞ்சம் இஞ்சி, அப்புறம் ஊதுபத்தியை நினைவூட்டும் புகையும் தேவதாரு மரமும். என் தேர்வு இதுதான், அதிலும் 2014இல் வந்த, செறிவு கூடிய ஓ டி பார்ஃபம் வகை, ஏனென்றால் அதில் அம்பர் இன்னும் ஆழமாக இருக்கிறது, சிட்ரஸ் போன பிறகும் வெறுமை தெரிவதில்லை. நிதானமான ஆள், குரலை உயர்த்தமாட்டார், ஆனால் சொன்னது காதில் விழும். ஏசி போட்ட அலுவலகம், நேர்முகப் பரீட்சை, கதிரேசன் கோயில் கல்யாணம் எதற்கும் பொருந்தும். விலைதான் கையைக் கடிக்கும்.

பிராடாவின் ஆம்பர் பூர் ஓம் (2006, டேனியலா ஆண்ட்ரியே) பற்றி இங்கே யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அது எனக்கு உண்மையிலேயே மனவருத்தம். பெயரில் ஆம்பர் இருப்பதால் கனமாக இருக்கும் என்று நினைத்து விலகிவிடுகிறார்கள். பேர்கமோட்டும் மண்டரினும் முடிந்ததும் வருவது நல்ல சவர்க்காரத்தின் சுத்தம். குளித்து, தோய்த்து மடித்த சேர்ட் போட்டது போல. வனிலாவும் லாப்டானமும் அதன் அடியில் தோலோடு ஒட்டியே கிடக்கும், கிட்ட வருகிறவருக்கு மட்டும் தெரியும். கூச்சசுபாவக்காரருக்கும், சென்ட் வாசனைக்குத் தலையிடிக்கிற ஆட்களோடு வேலை செய்கிறவருக்கும் நான் இதைத்தான் சொல்வேன்.

டோல்ச்சே அண்ட் கபானாவின் தி ஒன் (2008) ஜாக் போல்ஜின் மகன் ஒலிவியே செய்தது. கிரேப்ஃப்ரூட், இஞ்சி, பிறகு புகையிலையும் அம்பரும். அழகு, ஆனால் இரவு விருந்துக்கு மட்டும். பகல் வெயிலில் அந்த இனிப்பு திகட்டுகிறது.

எதை வாங்குவதானாலும் டெஸ்டரைக் காகிதத்தில் அல்ல, மணிக்கட்டில் அடித்துவிட்டு, காசை எடுக்காமல் கடையை விட்டு வெளியே வாருங்கள். பம்பலப்பிட்டியில் ஒரு சாப்பாடு, கொஞ்சம் நடை, இரண்டு மணித்தியாலம் கழித்து மணந்து பாருங்கள். பிடித்திருந்தால் திரும்பிப் போய் வாங்கலாம். பூசும்போது கழுத்தை விட சேர்ட்டுக்குள்ளே நெஞ்சில் அடிப்பது நல்லது. பேர்கமோட் எண்ணெயில் இயல்பாக உள்ள பேர்கப்டின் வெயில் பட்டால் தோலைக் கறுக்கவைக்கும் என்பதால் அதன் அளவுக்கு இன்று கட்டுப்பாடு உண்டு, ஆனாலும் துணிக்குள் இருந்தால் வாசனையும் ஆறுதலாக வெளியே வரும்.