போனையும் டேலியையும் கோத்துவிட்டு மூணு வருஷம்: எங்க கடை அனுபவம்

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுல வண்டி ஸ்பேர் பார்ட்ஸ் மொத்த வியாபாரம், நான் அக்கவுண்ட்ஸ் பாக்குறேன். 2022 நடுவுல கிளவுட் போன் (இன்டர்நெட் வழியா ஓடுற ஆபீஸ் போன்) வாங்கி, கணக்கு எழுதுற சாஃப்ட்வேர் டேலியோட இணைச்சோம்.

டெமோல அருமையா இருந்துச்சு, பார்ட்டி (நம்மகிட்ட சரக்கு வாங்குற கடைக்காரர்) கூப்பிட்டா ரிங் அடிக்கும்போதே பேரு, பாக்கி, கடைசி பில்லு எல்லாம் ஸ்கிரீன்ல வந்து நிக்குது. எங்க கடைல போட்ட முதல் நாள் பாதிப் பேருக்கு வெறும் நம்பர்தான் வந்துச்சு. சாஃப்ட்வேர் மேல தப்பில்ல, நாங்க வருஷக்கணக்கா டேலி லெட்ஜர்ல (ஒவ்வொரு பார்ட்டியோட கணக்குப் பக்கம்) நம்பர் அடிச்ச லட்சணம் அப்படி, ஒண்ணுல முன்னாடி 0, இன்னொண்ணுல +91, ஒரே கட்டத்துல கோடு போட்டு ரெண்டு நம்பர், ஒருத்தருக்கு "தம்பி நம்பர்"னே எழுதி வச்சிருக்கு. கடைசி 10 டிஜிட்ட மட்டும் பாத்து மேட்ச் பண்ணச் சொன்னதுல கொஞ்சம் தேறுச்சு. ஆனா அண்ணன் தம்பிக்கு தனித்தனி கடை, போன் மட்டும் ஒண்ணுன்னா என்ன பண்றது? ரெண்டு மாசம் சாயங்காலம் உக்காந்து லெட்ஜர சுத்தம் பண்ணோம், சந்தா காசெல்லாம் அந்த உழைப்பு முன்னாடி ஒண்ணுமே இல்ல.

அப்புறம் ஒரு கூத்து. ஸ்கிரீன்ல பாக்கிதான் பெருசா சிவப்புல வரும், ஆர்டர் எடுக்குற பொண்ணு போன எடுத்ததும் "அண்ணே, 14ஆம் தேதி பில்லு நிக்குதுண்ணே"ன்னுடுச்சு. திருவள்ளூர் பார்ட்டி, இருபது வருஷப் பழக்கம், "ஏம்மா, கிளட்ச் பிளேட் கேக்க போன் பண்ணா வட்டிக்கடை மாதிரி பேசுறியே"ன்னு வச்சிட்டாரு. மறுநாளே ஸ்கிரீன மாத்தி, அவங்களுக்குப் போக வேண்டிய சரக்கு மேல, பாக்கி கீழ சின்னதா.

பார்ட்டிங்களுக்கு எஸ்எம்எஸ் அனுப்ப டிஎல்டி பதிவு (டெலிகாம் கம்பெனிகிட்ட பண்ற பதிவு) வேணும், ஹெடர் (அனுப்புறவங்க பேரா வர்றது), டெம்ப்ளேட் (முன்கூட்டியே எழுதிக் குடுக்குற மெசேஜ்) எல்லாம் அப்ரூவல் வாங்கணும். அதுல பேரு, தொகைன்னு மாறுற இடம்தான் வேரியபிள், நாங்க போட்டப்ப ஒரு வேரியபிள்ல 30 எழுத்துதான் போகும், நம்ம ஊரு கடைங்க பேரு "ஸ்ரீ"ல ஆரம்பிச்சு "அண்ட் சன்ஸ்"ல முடியுறதுக்குள்ள அத தாண்டிடும், மெசேஜ் போகாது, ஏன் போகலன்னு கண்டுபிடிக்கவே ஒரு வாரம். வாட்ஸ்அப் ஏபிஐ (சாஃப்ட்வேர்லேந்தே வாட்ஸ்அப் அனுப்புற வசதி) பரவால்ல, ஆனா பார்ட்டி கடைசியா மெசேஜ் போட்டு 24 மணி நேரம் தாண்டிட்டா அப்ரூவ் ஆன டெம்ப்ளேட்தான் அனுப்ப முடியும், "அண்ணே சரக்கு வந்துடுச்சு"ன்னு சும்மா தட்டிவிட முடியாது.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லதான் இதோட அருமையும் தெரிஞ்சுது, ஓட்டையும் தெரிஞ்சுது. கடைல கரண்ட் இல்ல, தரைத்தளத்துல தண்ணி, எங்க மொபைல்ல பாதி நேரம் டவரே இல்ல. வேலூர் போயிருந்த பையன் நம்பருக்கு கால் எல்லாத்தையும் திருப்பிவிட்டோம், ஒரு ஆர்டர் விடாம எடுத்தான். ஆனா டேலி இருந்த சர்வர் கடைக்குள்ளதான, ஸ்டாக் என்ன இருக்குன்னு அவனுக்குத் தெரியல, நாலு நாளும் நோட்டுப் புக்குல எழுதிக்கிட்டு வந்து குடுத்தான். அடுத்த மாசமே சர்வர மாடிக்கு ஏத்தி, டேட்டா பேக்கப்ப தினம் வெளிய அனுப்ப ஆரம்பிச்சோம்.

புதுசா இறங்குறவங்க முதல்ல லெட்ஜர சரி பண்ணுங்க, போன் கம்பெனிகிட்ட அப்புறம் பேசிக்கலாம்.

எங்க முதலாளி மட்டும் இன்னும் சொந்த போன்லதான் ஆர்டர் வாங்குறாரு. ராத்திரி 10 மணிக்கு வாய்ஸ் மெசேஜா ஃபார்வர்ட் பண்ணுவாரு, காலைல அத கேட்டுக் கேட்டு நான்தான் டேலில அடிக்கிறேன்.