பதினெட்டு முடிந்ததா: மணிக்கட்டைக் கேட்பதா, காறை எலும்பைக் கேட்பதா?

பிறந்த தேதிக்கு எந்தக் காகிதமும் இல்லாத ஒரு பையன் வழக்கில் சிக்குகிறான். பதினெட்டு நிறையாவிட்டால் அவன் சிறார். 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 94ஆம் பிரிவில், முதலில் பள்ளிச் சான்றிதழைப் பார்க்கச் சொல்கிறது; அடுத்து உள்ளாட்சி தந்த பிறப்புச் சான்றிதழை. இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்புச் சோதனை. சரி, எந்த எலும்பு?

எலும்பு வயது என்றதும் முதலில் நீட்டச் சொல்வது இடது கையைத்தான். எக்ஸ்ரேயில், முன்கையில் கட்டைவிரல் பக்கம் இருக்கும் ஆரை எலும்பின் மணிக்கட்டுப் பக்கத்து நுனியைப் பாருங்கள். வளரும் பிள்ளைக்கு நுனிக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு கருப்புக் கோடு ஓடும். அது குருத்தெலும்பு. வயது ஏற ஏறக் கோடு மெலிந்து, நடுவில் ஒட்டத் தொடங்கி, கடைசியில் மறைந்துவிடும்.

இதைப் படிக்க இரண்டு வழிகள் உண்டு. கிரூலிச்–பைல் முறையில் படத்தை ஒரு மாதிரிப் படத்தொகுப்போடு ஒப்பிட வேண்டும். சீக்கிரம் முடியும். ஆனால் அந்த மாதிரிகள் 1930களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் வளர்ந்த வசதியான வீட்டு வெள்ளைக்காரப் பிள்ளைகளுடையவை. சத்தில்லாமல் வளர்ந்த பிள்ளைக்கு எலும்பு பிந்தும் என்பதை நினைத்தால் எனக்கு உறுத்துகிறது. டிடபிள்யூ3 (டேனர்–வைட்ஹவுஸ்) முறை கையின் 13 எலும்புகளுக்குத் தனித்தனியாக மதிப்பெண் போடும். நேரம் பிடித்தாலும் இதுதான் எனக்குப் பிடித்தது. 16 வயதுக்குட்பட்டோர் கிரிக்கெட்டுக்கு இந்தியக் கிரிக்கெட் வாரியமான பிசிசிஐ வைத்திருப்பதும் இதுதான். ஆனால் ஆண்களுக்கு இதன் அளவுகோல் பதினாறரையோடு முடிந்துவிடும். பதினெட்டைப் பற்றி இதைக் கேட்பதில் பொருளில்லை.

உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா 2009இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் மணிக்கட்டுக்கு எம்ஆர்ஐ, அதாவது காந்தப் புலத்தால் எடுக்கும் படம், கொண்டுவந்தது. கதிர்வீச்சு கிடையாது. கோடு முழுக்க மூடியிருந்தால் ஆட்டக்காரரை விலக்கலாம். மூடவில்லை என்பதற்காக அவர் 17க்குக் கீழே என்று ஆகிவிடாது.

தோளையும் மார்பெலும்பையும் இணைக்கும் காறை எலும்பின் கதை வேறு. மார்பெலும்பைத் தொடும் அதன் உள்முனைதான் கடைசியில் ஒட்டுவது. ஜெர்மனியில் கை எலும்புகள் முழுக்க ஒட்டிவிட்டன என்று தெரிந்த பிறகே இதை சிடியில், அதாவது எக்ஸ்ரே கதிரால் அடுக்கடுக்காக எடுக்கும் படத்தில், பார்க்கிறார்கள். முழுக்க ஒட்டியிருந்தால், ஒட்டிய தழும்பு இன்னும் தெரிந்தாலும், ஆள் 21ஐ ஒட்டியோ தாண்டியோ இருப்பார் என்று எழுதத் துணிவு வரும். ஆனால் கை எக்ஸ்ரேயைவிடக் கதிர்வீச்சு பல மடங்கு அதிகம், அதுவும் நோயே இல்லாத உடம்புக்கு. அதனால்தான் எடுத்தவுடன் சிடிக்குப் போவதை நான் ஏற்கமாட்டேன்.

பதினெட்டா என்ற கேள்விக்கு என் தேர்வு காறை எலும்புதான், ஆனால் கைக்குப் பிறகு. மணிக்கட்டு மூடியதை மட்டும் வைத்து 'பதினெட்டு நிறைந்தது' என்று எழுதுவது தவறு. பதினேழிலேயே மூடிவிடும் பையன்கள் இருக்கிறார்கள். எதை எடுத்தாலும் 'சுமார் 18' என்று எழுதாமல், 'குறைந்தது இத்தனை, அதிகம் இத்தனை' என்று எழுத வேண்டும். எக்ஸ்ரே வயதில் இரு பக்கமும் இரண்டு ஆண்டு பிசகலாம் என்று ஜெயமாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982லேயே சொல்லிவிட்டது. எல்லைக்கோட்டில் நிற்கும் வழக்குகளில் சிறார் என்ற பக்கம் சாய வேண்டும் என்றும் பிறகு சொன்னது. 'சுமார் 18' என்ற ஒற்றை வரி அந்தச் சலுகையைப் பையனிடமிருந்து பறித்துவிடும்.