கருவாட்டுக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று

ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் எங்கள் தெருவில் இப்போது எல்லார் கையிலும் இன்ஸ்டாகிராம்தான். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு, பாலத்தில் ரயில் போவதை ரீல்ஸ் போடாதவர் குறைவு. நானும் போட்டேன். போனில் இடம் நிறைந்து எந்தச் செயலியை வைப்பது, எதை எடுப்பது என்று உட்கார்ந்தபோதுதான், ஊரே எதில் இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, 'இது நாளைக்கு இல்லையென்றால் எனக்கு என்ன குறையும்?' என்று பார்த்தேன்.

இன்ஸ்டாகிராம் வெளியூர் ஆட்களைக் கொண்டுவருகிறது. நெத்திலி காயப்போடும் வீடியோவைப் பார்த்து மதுரையிலிருந்து பேசிய ஓர் அக்கா, இன்றும் மாதாமாதம் கருவாடு வாங்குகிறார். விற்பவருக்கு அது நல்ல சந்தை. ஆனால் 2016 முதல் அங்கே பதிவுகள் நேர வரிசையில் வருவதில்லை. நாமாக மாற்றிக்கொண்டால்தான் உண்டு. சமையலுக்கும் பாட்டுக்கும் அது போதும். 'காற்று பலம், இன்றைக்குக் கடலுக்குப் போக டோக்கன் கிடையாது' என்பதை இரண்டு நாள் கழித்துப் பார்த்து என்ன செய்ய?

அதற்கு வாட்ஸ்அப்தான். ஒரு குரூப்பில் 1024 பேர் வரை சேரலாம். எங்கள் தெருக் குரூப்பில் அறுபது பேர். அதுவே பலம், எல்லாரும் முகம் தெரிந்தவர்கள். எழுதப் பழகாத அப்பா வயதுக்காரர்கள் குரலில் பேசி அனுப்புகிறார்கள். 'வாடை ஏறுது, வல்லத்தை மேலே இழுங்கப்பா' என்று, படகைக் கரையேற்றச் சொல்லி விடியற்காலையில் ஒரு குரல் வந்தால், யார் குரல் என்பதே பாதி நம்பிக்கை. ஒரு தொல்லை, பழைய புயல் எச்சரிக்கைகள் தேதி இல்லாமல் சுற்றுவது. ஒரே நேரத்தில் ஐந்து பேர் அல்லது குரூப்புகளுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி 2018இல் இந்தியாவில் கட்டுப்பாடு வந்தும் அது நிற்கவில்லை. தேதி போடாத எச்சரிக்கையை அட்மின் நீக்கிவிடுவார் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். நல்ல முடிவு.

வலையில் கை இருக்கும்போது போனைப் பார்க்க முடியாது. அந்த நேரத்துக்குப் பாம்பனிலிருந்து ஒலிக்கும் கடல் ஓசை 90.4 வானொலியை எந்தச் செயலியும் மிஞ்சவில்லை. அதையும் இந்த வரிசையில்தான் வைப்பேன்.

டெலிகிராம் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு. 2 ஜிபி வரை கோப்பு அனுப்பலாம், புதிதாகச் சேர்ந்தவரும் பழைய பாடங்களை எடுத்துக்கொள்ளலாம். எனக்குத் தேவைப்படவில்லை, எடுத்துவிட்டேன். 2025இல் அரட்டை செயலி பரபரப்பானபோது தெருவில் ஐந்தாறு பேர் போனார்கள். நம் ஊர்த் தயாரிப்பு என்பதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் என் சித்தி அங்கே வரவில்லை, அதனால் நானும் போகவில்லை.

ஃபேஸ்புக்கை இளையவர்கள் பழசு என்கிறார்கள். வளைகுடாவில் இருக்கும் கீழக்கரை, பெரியபட்டினத்துக்காரர்களுக்கு ஊர்ச் செய்தியும் இறப்புச் செய்தியும் அங்கேதான் முதலில் போய்ச் சேருகின்றன. அவர்களில் ஒருவராக இருந்தால் நான் அதை எடுக்கவே மாட்டேன், அப்படியே வைத்திருப்பேன்.

கடைசியாக போட்டிம் என்ற அழைப்புச் செயலி. துபாயில் வாட்ஸ்அப் அழைப்பு எடுபடாது. அங்கிருக்கும் அண்ணன் அதில்தான் கூப்பிடுகிறான். அந்தச் செயலியில் எனக்கு வேறு யாரையும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அப்பா என் போனை வாங்கிக்கொண்டு கரைக்குப் போவார். புதிதாகத் தார் பூசிய வல்லத்தை, அணியம் முதல் பின்பக்கம் வரை, மெதுவாக நடந்து அவனுக்குக் காட்டுவார்.