மண்டபத்து விஞ்ஞானப் பேச்சா, யூடியூப் உரையா?

மலையகத்துப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் விளக்க எது நல்லது? என் ஓட்டு நேர்ப் பேச்சுக்கே.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம். காற்றழுத்தம் குறைவதால் அங்கே தண்ணீர் 100 பாகைக்கு வராமலே, ஏறக்குறைய 94 பாகை செல்சியஸில் கொதித்துவிடும். தோட்டத்து மண்டபத்தில் ஒரு கேத்தலும் வெப்பமானியும் இருந்தால் இதைக் கண்முன்னே காட்டலாம். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் வெப்பமானி அதற்குமேல் அசையாது. உடனே பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா, "அதனாலதான் பருப்பு வேக இவ்வளவு நேரமா சேர்?" என்று கேட்பார். அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும், குக்கர் செய்வது அதைத்தான் என்று அங்கேயே பதில் சொல்லலாம். இந்தக் கேள்வி பதிலை எந்தக் காணொளியும் தராது.

யூடியூப்பின் பலமும் சின்னதல்ல. லண்டன் ரோயல் இன்ஸ்டிடியூஷன் என்ற விஞ்ஞான நிறுவனத்தில் 1825இல் தொடங்கி, விஞ்ஞானி மைக்கேல் ஃபரடே பலமுறை நிகழ்த்திய நத்தார் விரிவுரைகளின் அண்மைக்காலப் பதிவுகளை லயத்துக் காம்பராவில் இருந்தே பார்க்கலாம். கருந்துளை, மரபணு என்றால் கரும்பலகை போதாது, அசையும் படம் வேண்டும். விளங்காத இடத்தை மறுபடி போட்டுப் பார்க்கலாம். ஆனால் நல்ல உரைகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருக்கின்றன. டேட்டா செலவு வேறு.

காணொளிதான் வழி என்றால், மண்டபத்தில் எல்லோருமாகப் பார்க்கட்டும். தமிழில் நிறுத்தி நிறுத்தி விளக்க விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.