சனிக்கிழமை போட்டோ கிளாஸ்: சேரலாமா?

எங்கள் பள்ளியில் சனிக்கிழமை மதியம் நடக்கும் போட்டோ கிளாஸில் இந்த வருடம் சேர்ந்தேன். முதல் நாள் செல்போன் கேமராவில் கிரிட் கோடுகளைப் போடச் சொன்னார் சார். நெடுக்கே 2, குறுக்கே 2, மொத்தம் 9 கட்டம். கோடுகள் வெட்டும் 4 புள்ளிகளில் ஒன்றில் ஆளை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். சரி, இதற்கா காசு என்று நினைத்தேன்.

அப்புறம் மதுரை தெப்பக்குளத்துக்குக் கூட்டிப்போனார். நான் வழக்கம்போல மைய மண்டபத்தை நட்டநடுவில் வைத்து எடுத்தேன், தபால் தலை மாதிரி வந்தது. "படியில உட்காருப்பா, மண்டபத்தை ஓரமாத் தள்ளு, தண்ணிக்கு இடம் விடு" என்றார். கல்படியின் விளிம்பு சாய்வாக ஓடி கண்ணை நேரே மண்டபத்தில் கொண்டுபோய் விட்டது, ஓரத்தில் சுண்டல் விற்கிற அக்காவின் கூடையும் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது! நாயக்கர் மஹாலில் மட்டும் அந்த 4 புள்ளி விதியை மறக்கச் சொன்னார். தூணும் வளைவும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நிற்பதால் அங்கே நடுவில் நின்று எடுத்தால்தான் எடுபடும்.

குறை என்றால், 20 பேருக்கு 2 கேமராதான். என் முறை வருவதற்குள் சாயங்கால வெயில் போய்விடும். செல்போனே போதும் என்பவர்கள் தாராளமாகச் சேரலாம், கேமரா பழகத்தான் ஆசை என்றால் எத்தனை இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.